பின் சீட்டுக்கு அடியில்

"செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் மட்டும் ஆக மாட்டேங்குது. கிளம்பி வாடா" என்று பைலட் போனில் சொன்னபோது நான் ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, முதல் தடவையாகக் கேட்பவன் போல, "எப்பலேர்ந்துண்ணே?" என்றேன். "காலைலேர்ந்துதான். நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு" என்றார். நேற்று அது ஓடவில்லை. முந்தாநாளும் ஓடவில்லை. அந்தக் கார் ஏன் ஓடவில்லை என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி அவர் பெற்ற மகள். இன்னொருவன் நான். ஓடாமல் செய்தவனே நான்தான்.

பைலட் என்பது அவர் விமானம் ஓட்டியதால் வந்த பெயர் இல்லை. முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரி ஊழியர்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸை ஓட்டினார். அவர் பிரேக் போட்டால் பஸ் நின்றதே தெரியாது, ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே ஊசியில் நூல் கோக்கலாம் என்று நர்ஸுகள் வைத்த பெயர் அது. ஓய்வு பெற்றதும் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய காரை வாங்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். நான் ஸ்பானர் பிடித்திருந்த விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நொட்டாங்கையா நீ?" என்றார். அன்றிலிருந்து பதினாறு வருஷமாக அந்தக் காரில் என் இடது கையைத் தவிர வேறொரு மெக்கானிக்கின் கை பட்டதில்லை. நொட்டாங்கை என்று வேறு யாராவது கூப்பிட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவர் கூப்பிட்டால் மட்டும் ஏதோ பட்டம் வாங்கினவன் மாதிரி நிமிர்ந்து பார்ப்பேன். அவரை நான் அண்ணே என்று கூப்பிடுவதால் அவர் மகளுக்கு நான் சித்தப்பா ஆகிவிட்டேன்.

அந்தச் சித்தப்பா முறையைப் பிடித்துக்கொண்டுதான் நான்கு மாதத்துக்கு முன்னால் அவள் பட்டறைக்கு வந்தாள். தபால் பிரிக்கும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், வேலைக்கு நடுவில் அனுமதி கேட்டு வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நடந்ததை நின்றபடியே சொன்னாள். பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து தினமும் மூன்றரைக்குக் காரில் கூட்டி வருவது பைலட்தான். ஒரு நாள் வீட்டுத் திருப்பத்தைத் தாண்டி நேராக ஆஸ்பத்திரியின் பழைய பஸ் கொட்டகைக்குப் போயிருக்கிறார். காரை ஓரமாக நிறுத்திப் பூட்டிவிட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட உள்ளே போயிருக்கிறார். பதிவேடும் இல்லை, அறையும் இல்லை. அங்கே யாரையோ சத்தம் போட்டுவிட்டு, பின்வாசல் வழியாக வெளியேறி வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார். ஏழு வயதுக் குழந்தை பின் சீட்டில் இருந்தது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. பின் கதவு உள்ளிருந்து திறக்காது, கண்ணாடியை இறக்கும் கைப்பிடி அந்தச் சின்னக் கைக்கு அசையாது. வெயில். ஒன்றேகால் மணி நேரம் கழித்து ஒரு காவலாளி பார்த்திருக்கிறார்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. இப்போது கதவு சாத்துகிற எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே பள்ளிக்கூடம் போய் வருகிறது. பைலட்டுக்கு இது எதுவும் நினைவில் இல்லை. குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்த நான்கு நாளும், "குட்டி எங்க, இன்னும் வரலையா?" என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"சாவியப் புடுங்கிப் பாத்தேன் சித்தப்பா, வீட்டையே தலைகீழாப் பொரட்டிட்டாரு. வித்துடலாம்னு ஆளக் கூட்டிட்டு வந்தேன், ஜாக்கி லீவரத் தூக்கிட்டு வாசல்ல நின்னாரு. ஞாபகம் சரியில்லப்பான்னு சொன்னா எனக்குத்தான் பைத்தியம்ங்கறாரு" என்றாள். அதுவரை அழாமல் பேசியவள் அடுத்ததைச் சொல்லும்போது அழுதுவிட்டாள். "தனக்கு உடம்பு சரியில்லன்னா ஒத்துக்க மாட்டாரு. வண்டிக்கு உடம்பு சரியில்லன்னா ஒத்துக்குவாரு."

பேட்டரியைக் கழற்றினால் முதல் நிமிஷத்தில் கண்டுபிடிப்பார். பியூஸைப் பிடுங்கினால் இரண்டாவது நிமிஷத்தில். அதனால் பின் சீட்டுக்கு அடியில், பெட்ரோலை என்ஜினுக்குத் தள்ளும் பம்புக்குப் போகும் ஒயரை வெட்டி, நடுவில் விரல் நகம் அளவு ஒரு ஸ்விட்ச் வைத்து, கம்பளத்துக்குக் கீழே ஒளித்தேன். வண்டித் திருடர்களுக்குப் பயந்து கேட்பவர்களுக்கு இதே ஸ்விட்ச்சை எத்தனையோ கார்களில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். வண்டியின் சொந்தக்காரருக்கே தெரியாமல் வைத்தது இந்த ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நான் ஆடிய நாடகம் கொஞ்சமில்லை. அவர் கூப்பிடுவார், நான் போவேன். பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்குண்ணே", "காயில்ல ஈரம் எறங்கிருக்கு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். அவர் தண்ணீர் கொண்டுவர உள்ளே போகும் நேரம் பார்த்துச் சீட்டைத் தூக்கி ஸ்விட்ச்சைப் போடுவேன். வண்டி கிளம்பும். நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு தெரு சுற்றி வருவோம். "கிளட்ச்ச இவ்ளோ மிதிக்காதடா, அதுக்கும் உயிரு இருக்கு" என்பார். கிளம்பும்போது ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு வருவேன். இரண்டு மூன்று நாளில் மறுபடியும் போன் வரும். தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, பதினாறு வருஷம் பழகிய மெக்கானிக்குக்குக் கை போய்விட்டது, பாவம், வயசாகிவிட்டது அவனுக்கு என்று அவர் வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு ஐம்பத்தாறு வயது. அந்த அவப்பெயரைச் சந்தோஷமாகச் சுமந்தேன்.

வேனுக்கு அடியில் கிடந்தபடி அவர் போனை எடுத்தேன் என்றேனே, அன்றைக்குப் போனபோது காரின் பின் சீட்டு வாசலில் வெயிலில் கிடந்தது. பைலட் காருக்குள்ளே, சீட்டு இருந்த இடத்தில் இரும்புத் தரையில் உட்கார்ந்து, கால்களைக் கதவுக்கு வெளியே தொங்கவிட்டிருந்தார்.

"வந்துட்டியா. தண்ணி, ஈரம்னு ஒன்னும் உளறாத. சாவியப் போட்டதும் பின்னாடி வண்டு மாதிரி ஒன்னு முனகும்ல, ரெண்டு செகண்டு? அது முனகல. பம்புக்குக் கரண்டு வரல" என்றார். பிறகு, "வீட்டுல சௌக்கியமா?" என்று கேட்டார். என் மனைவி இறந்து ஆறு வருஷமாகிறது. சுடுகாடு வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் அவர்தான். சௌக்கியம் என்று சொன்னேன்.

டெஸ்ட் லாம்ப்பை எடுக்கச் சொன்னார். ஒரு பக்கம் ஊசி முனை, மறு பக்கம் கிளிப், நடுவில் சின்ன பல்பு. கிளிப்பை இரும்பில் கவ்வவிட்டு, முனையால் ஒயரைக் குத்தினால், கரண்ட் இருந்தால் எரியும். நான் ஒரு கேடுகெட்ட வேலை செய்தேன். கிளிப்பை வெறும் இரும்பில் மாட்டாமல் பெயிண்ட் மேல் மாட்டினேன். எங்கே குத்தினாலும் விளக்கு எரியாது, முன்பக்கம் எங்கோ கோளாறு என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்று கணக்கு. அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "பெயிண்டு மேல கவ்வவிட்டிருக்க. இரும்புல மாட்டு" என்றார். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துபோகிற மனிதர்.

மாட்டினேன். ஓரிடத்தில் எரிந்தது. ஒரு சாண் தள்ளி எரியவில்லை. "இங்க இருக்கு, இங்க இல்ல. அப்ப நடுவுலதானே?" என்று சொல்லிக்கொண்டே கம்பளத்தை உரித்தார். ஸ்விட்ச்சும் அதன் இருபுறமும் நான் சுற்றிய கறுப்பு டேப்பும் தெரிந்தன. அவர் ஸ்விட்ச்சைத் தொடவில்லை. டேப்பின் மேல் கட்டை விரலை வைத்து மெதுவாகத் தடவினார். எல்லோரும் டேப்பை வலப்பக்கமாகச் சுற்றினால் நான் இடப்பக்கமாகச் சுற்றுவேன். கடைசி நுனியை உள்ளே மடித்து அழுத்துவேன், பிரிக்கிறவனுக்கு நகம் ஏற வேண்டுமே என்று. ஒரு தொழிலாளி யோசிக்காமல் செய்கிற சின்ன மரியாதை அது. அதுவே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"இது உன் சுத்து" என்றார்.

"ஆமாண்ணே."

"பாப்பா சொன்னாளா?" மகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"ஆமா."

"எதுக்கு?"

பழையதை அவருக்கு எடுத்துச் சொல்லிக் கலவரப்படுத்தக் கூடாது என்று டாக்டர் மகளிடம் சொல்லியிருந்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவனால் டாக்டர் பேச்சைக் காப்பாற்ற முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் கொட்டகை, பதிவேடு, வெயில், குழந்தை. வேறு யாரோ ஒரு டிரைவர் செய்த விபத்தைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கண்ணாடி ஏத்தியிருந்துச்சா?"

"நாலும் ஏத்தியிருந்துச்சுண்ணே."

"நாலுமா? நான் ஒரு விரக்கடை எறக்கி வைப்பேனேடா. வண்டில புள்ளைங்க இருந்தா ஒரு விரக்கடை எறக்கி வைப்பேனே." இதையே இரண்டு மூன்று முறை சொன்னார். அதற்குப் பிறகு சொல்ல முடியவில்லை. எழுபத்து நாலு வயது மனிதர், காரின் தரையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலேயே அழுதார். நானும் அழுதேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

வெகு நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "திரும்ப மூடு. நான் கண்டுபிடிச்சுட்டேன்னு பாப்பாகிட்ட சொல்லிடாத. அவ பாவம்" என்றார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார். "இது உன்கிட்டயே இருக்கட்டும்."

எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. சாயங்காலம் மகள் போன் செய்தாள். சாவியைக் காணோம் என்று மெத்தையைக் கிழித்துப் போட்டிருக்கிறாராம், குழந்தையின் புத்தகப் பையைக் கொட்டித் தேடியிருக்கிறாராம், திருடி என்று அவளையே திட்டுகிறாராம். சாவி இங்கே விழுந்து கிடந்தது என்று ஒரு பொய்யைச் சொல்லிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எங்கடா புடிச்ச?" என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் போன் வந்தது. செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை, நேற்று வரைக்கும் நன்றாக ஓடியது. போனேன். சீட்டு வெயிலில் கிடந்தது. மனசிலிருந்து எல்லாம் போனாலும் காதிலிருந்து அந்த முனகல் மட்டும் போகவில்லை. மறுபடி லாம்ப், மறுபடி கம்பளம், மறுபடி கட்டை விரல். "இது உன் சுத்து." அதே கேள்விகள், அதே வரிசையில். கண்ணாடி ஏற்றியிருந்ததா என்று கேட்டபோது, இல்லைண்ணே, இறக்கித்தான் இருந்தது என்று சொல்லிவிட வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்று வரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன். அதே அழுகை. நான் செய்த துரோகமும் அவர் செய்த தவறும் அவருக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தெரிய வந்தன. எனக்குத்தான் அது இரண்டாவது தடவை.

மூன்றாவது தடவை அவரை அந்த இடத்தில் உட்கார வைக்க என்னால் முடியாது. மகளிடம் சொல்லலாம் என்றால் இரண்டு முறை வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர் மத்தியானம் தூங்குகிற நேரத்தில் போய், சீட்டைத் தூக்கி, என் டேப்பைப் பிரித்து எறிந்துவிட்டு, வலது கையால் வேறு டேப் சுற்றினேன். சோறு தின்பதைத் தவிர அந்தக் கையால் உருப்படியாக எதுவும் செய்து பழக்கமில்லை. அரை மணி நேரம் பிடித்தது. கோணல் மாணலாக, அங்கங்கே புடைத்துக்கொண்டு, நுனி தொங்கிக்கொண்டு இருந்தது. பார்த்தாலே கோபம் வருகிற வேலை. நிம்மதியாகக் கம்பளத்தை இழுத்து மூடினேன்.

நான்கு நாள் கழித்து, மத்தியானம் இரண்டு மணி வாக்கில் கூப்பிட்டார். போனேன். எல்லாம் வரிசைப்படி நடந்தது. கம்பளத்தை உரித்து, கட்டை விரலால் தடவினார். முகத்தைச் சுளித்தார்.

"எவன்டா இது? தூக்கத்துல எந்திரிச்ச பச்சப்புள்ள சுத்துன மாதிரி இருக்கு."

"தெரியலண்ணே."

"எவனோ களவாணிப் பய. வண்டியத் தூக்கறதுக்கு வேலை பாத்து வச்சிருக்கான். பாப்பாகிட்ட மூச்சு விடாத. தனியா வேலைக்குப் போய்ட்டு வர்றவ, பயந்துடுவா." கோபத்தில் அவர் முகம் பளிச்சென்று இருந்தது. பழைய பைலட்டைப் பார்த்தது போல இருந்தது எனக்கு. அழாமல் காப்பாற்றிவிட்டேன் என்று உள்ளுக்குள் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். அந்தச் சந்தோஷம் அவர் அடுத்து வாயைத் திறக்கிற வரைதான்.

"அதப் பிடுங்கி எறி. ஒயர நேரா இணை. நீ சுத்து."

இது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. ஸ்விட்ச் என்னுடையது என்றால்தான் அதை அங்கேயே விட்டுவைக்க அவரிடம் காரணம் உண்டு. திருடன் வைத்த ஸ்விட்ச்சை எந்த மெக்கானிக் விட்டுவைப்பான்? என் குற்றத்தை மறைத்த அவசரத்தில் வண்டியைப் பழுது பார்த்துக் கொடுக்க வழி பண்ணிவிட்டேன்.

அவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். டம்ளர் பிடித்தால் தளும்புகிற கை, வெளிச்சத்தை மட்டும் என் விரல் நுனியில் அசையாமல் நிறுத்தியது. ஸ்விட்ச்சை வெட்டி எடுத்தேன். ஒயர்களைச் சீவி, முறுக்கி, இடது கையால் சுற்றினேன். மோசமாகச் செய்ய அப்போதும் நினைத்தேன், கை கேட்கவில்லை. நுனியை உள்ளே மடித்து அழுத்தியதும் அவர் தடவிப் பார்த்தார். "இதுதான்டா கை" என்றார். என் வேலையை ஒருவர் பாராட்டி எத்தனையோ நாளாகியிருந்தது.

முன்னால் போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். பின்னால் வண்டு முனகியது. ஒரு விரலை உயர்த்தி, சும்மா இரு என்று எனக்குச் சைகை காட்டிவிட்டு, அந்த இரண்டு நொடியையும் முழுசாகக் கேட்டார். பிறகு ஸ்டார்ட் செய்தார். ஒரே அடியில் கிளம்பியது. கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது.

"பள்ளிக்கூடம் விடற நேரம். குட்டியக் கூட்டிட்டு வந்துடறேன்."

"நான் ஓட்டுறேன்ணே. ரெண்டு பேரும் போலாம்."

"நீ மொதல்ல சீட்டப் போடு. புள்ள எங்க உக்காரும்?"

சீட்டைப் போட வேண்டியவன் பின்னால் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு நான் கூடப் போகலாம். நாளைக்கு மூன்றரைக்கு என் பட்டறையில் ஏதோ ஒரு வண்டிக்கு அடியில் கிடப்பேன். அவர் கையில் சாவியும், ஓடுகிற ஒரு காரும் இருக்கும். குழந்தை இந்தக் காரில் ஏறாது என்பது அவருக்குத் தெரியாது. ஏறு என்று கையைப் பிடித்து இழுத்தால் அது என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. என் வலது கைப் பக்கத்தில் கட்டிங் பிளேயர் கிடந்தது. அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.

பைலட் என்ஜினை ஓடவிட்டு இறங்கினார். ஓட்டுநர் பக்கக் கதவின் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார். கதவைச் சாத்தி, இடைவெளியில் ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்துப் பார்த்தார். திருப்தியாகாமல் மறுபடி திறந்து ஒரு நூல் ஏற்றினார். முன்னால் சுற்றிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனார்.

"எதுக்குண்ணே?" என்றேன்.

நின்று யோசித்தார். பதில் எங்கோ இருந்தது, அவருக்கு அகப்படவில்லை. "எறக்கி வைக்கணும்டா. மறந்துடக் கூடாது" என்றார்.

மூன்றாவது கதவு. அதையும் விரலால் அளந்தார். காரின் பின்பக்கமாகச் சுற்றி வரும்போது டிக்கியை ஒரு தட்டுத் தட்டினார். பஸ்ஸைத் தட்டிக்கொடுக்கிற பழக்கம். நான் டேப் சுற்றிய இடத்துக்குக் கீழே ஒயரைப் பிளேயருக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நான்காவது கதவு என் பக்கத்துக் கதவு. குனிந்து, என் முழங்கால் மேல் அவர் சட்டை உரச, கைப்பிடியைச் சுற்றினார். கதவைச் சாத்தினார். இடைவெளி வழியாக விரல் உள்ளே வந்தது. விரலுக்கு மேலே அவர் கண்கள் தெரிந்தன.

"சரியா இருக்குல்லடா?"

"சரியா இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு இடது கையை இறுக்கினேன்.

குழாயில் மிச்சமிருந்த பெட்ரோலில் என்ஜின் இரண்டு மூன்று நொடி ஓடியது. ஒரு தடவை குலுங்கி நின்றது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பைலட் நிமிரவில்லை. தலையை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்து, காதைக் கார் பக்கம் வைத்துக்கொண்டார். டேப்பின் கறுப்புப் பிசுக்கு ஒட்டிய அவருடைய விரல், கண்ணாடிக்கு மேலே அந்த இடைவெளியில், அப்படியே இருந்தது.